28 குழந்தைகள், 4 டோஸ் அளவுகள்: தசை வலுவிழப்பு மருந்தின் முதல் சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஏதோ புது மருந்து வந்திருக்காமே, மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறாங்களாமே, நம்ம பிள்ளைக்குக் கிடைக்குமா?" மரபணுக் கோளாறால் தசை வலுவிழக்கும் நோய் உள்ள வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்வதைவிட, நடந்து முடிந்த ஒரு சோதனையைப் பிரித்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது நுசினெர்சென். விற்பனைப் பெயர் ஸ்பின்ராசா. எஸ்.எம்.ஏ. என்ற இந்த வகை நோய் ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி பெற்ற மருந்து அதுதான். மனிதர்களிடம் அதன் முதல் சோதனை 2011 டிசம்பரில் அமெரிக்காவில் தொடங்கியது.

எஸ்.எம்.ஏ. தசை நோயா, நரம்பு நோயா?

மெலிவது தசை, கெடுவது நரம்பு. ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோஃபி என்பது முழுப்பெயர். தண்டுவடத்திலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் இயக்க நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. கட்டளை வராத தசை சூம்பிப்போகிறது. அறிவு மழுங்குவதில்லை. கை கால் அசையாத குழந்தையின் கண் மட்டும் அறை முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த நரம்பணுக்களுக்குத் தேவையான எஸ்.எம்.என். புரதத்தைச் செய்யும், 5ஆம் குரோமோசோமில் உள்ள எஸ்.எம்.என்.1 என்ற மரபணு பழுதாவதுதான் காரணம். 1995இல் பாரிஸில் ஜூடித் மெல்கியின் குழு இதைக் கண்டுபிடித்தது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 10,000க்கு ஒன்றுக்கு வருகிறது.

இதில் வகைகள் உண்டு. முதல் வகை 6 மாதத்துக்குள் தெரிந்துவிடும்; குழந்தை தானாக உட்காரவே உட்காராது. மருந்து இல்லாத காலத்தில் இவர்களில் பெரும்பாலோர் 2 வயதைத் தாண்டவில்லை. இரண்டாம் வகையினர் உட்காருவார்கள், நடக்க மாட்டார்கள். மூன்றாம் வகையினர் நடப்பார்கள்; பலர் பிறகு அதை மெல்ல இழப்பார்கள். இந்த வகைப்பிரிவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனையை யாரிடமிருந்து தொடங்குவது என்பதை இதுதான் தீர்மானித்தது.

மரபணுவே பழுது என்றால் மருந்து எதைச் சரிசெய்கிறது?

இயற்கை நமக்கு ஒரு உதிரி வைத்திருக்கிறது. எஸ்.எம்.என்.2 என்ற இன்னொரு மரபணு, முதலாவதின் அச்சு அசல் தம்பி. ஆனால் தம்பியிடம் முக்கியமான ஓர் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது.

மரபணுவை நகலெடுத்த பிறகு, செல் அந்த நகலில் வேண்டாத பகுதிகளை வெட்டிவிட்டு வேண்டியவற்றை ஒட்டும். தம்பியின் நகலை ஒட்டும்போது, அந்த ஓர் எழுத்துப் பிசகால் 7ஆம் துண்டையும் குப்பை என்று நினைத்துப் பெரும்பாலும் எறிந்துவிடுகிறது. விளைவு, அரைகுறைப் புரதம். செல்லே அதைச் சீக்கிரம் அழித்துவிடும். முழுப் புரதம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கிடைக்கிறது. தம்பி மரபணு ஒருவருக்கு இரண்டு பிரதி இருக்கும், இன்னொருவருக்கு மூன்றோ நான்கோ இருக்கும். பிரதி கூடக்கூட நோயின் கடுமை பொதுவாகக் குறையும்.

"இந்தத் துண்டை எறி" என்று செல்லுக்குச் சொல்லும் ஒரு குறி எங்கே இருக்கிறது என்பதை, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ரவீந்திர சிங்கும் உடனிருந்தவர்களும் 2006இல் காட்டினார்கள். கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் ஏட்ரியன் கிரெய்னரும், ஐசிஸ் மருந்து நிறுவனத்தின் ஃபிராங்க் பென்னட்டும் அந்தக் குறியை மூடி மறைக்கும் 18 எழுத்து நீளமுள்ள செயற்கை இழை ஒன்றை உருவாக்கினார்கள். அதுதான் நுசினெர்சென். குறி மறைந்தால் 7ஆம் துண்டு தப்பிக்கும், தம்பி முழுப் புரதம் செய்வான். (ஐசிஸ் என்ற பெயர் பயங்கரவாத அமைப்பை நினைவூட்டுகிறது என்று 2015 கடைசியில் அந்த நிறுவனம் அயோனிஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது.)

எலிகளிடம் வேலை செய்ததா?

செய்தது. பிறந்து பத்து நாள் போலச் சாகும் எலிகள் மாதக்கணக்கில் வாழ்ந்தன. ஆனால் எலியில் பிழைத்து மனிதனில் தோற்ற மருந்துகள் ஏராளம்.

வழக்கமாக ஆரோக்கியமானவர்களுக்குத்தானே முதலில் கொடுப்பார்கள்?

மாத்திரை என்றால் அப்படித்தான். இது முதுகெலும்பின் இடையே ஊசி செலுத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் திரவத்தில் விட வேண்டிய மருந்து. நம் ஊரில் "முதுகில் தண்ணீர் எடுப்பது" என்பார்களே, அதே முறையில் திரவம் கொஞ்சம் எடுத்துவிட்டு மருந்தை உள்ளே விடுவார்கள். உள்ளே போனால் சீக்கிரம் வெளியே வராது. திரவத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 4 முதல் 6 மாதம் ஆகிறது. தன் மரபணுவில் குறையே இல்லாத ஒருவருக்கு அப்படி ஒன்றைச் செலுத்துவதில் அவருக்குக் காசளவு நன்மையும் இல்லை. அதனால் முதல் நபரே நோயாளி.

பின்னால் வந்த ரிஸ்டிப்லாம் வாயில் ஊற்றும் மருந்து. அதை முதலில் ஆரோக்கியமான ஆண்களுக்குத்தான் கொடுத்தார்கள். தம்பி மரபணு அவர்களிடமும் இருக்கும் என்பதால், மருந்து அதன் நகலை மாற்றுகிறதா என்பதை அவர்களுடைய ரத்தத்திலேயே அளந்துவிட முடிந்தது.

சாகும் நிலையில் உள்ள கைக்குழந்தைகளை விட்டுவிட்டு, ஓரளவு நன்றாக இருப்பவர்களோடு ஏன் தொடங்கினார்கள்?

கேட்கவே கொடுமையாகத்தான் இருக்கிறது. நியாயம் என்னவென்றால், முதல் வகைக் குழந்தைக்கு மூச்சுத் திணறல் எந்த நாளும் வரலாம். மருந்து கொடுத்த மறுவாரம் குழந்தை இறந்தால், நோய் கொன்றதா மருந்து கொன்றதா என்று யாராலும் சொல்ல முடியாது. நோயே காரணமாக இருந்தாலும் சோதனை நின்றுபோகலாம்; மருந்தே காரணமாக இருந்தாலும் பழி நோயின் மேல் விழலாம். உடல்நிலை ஓரளவு சீராக உள்ள, உட்காரவோ நடக்கவோ தெரிந்த பிள்ளைகளிடம் சின்னப் பக்க விளைவுகூடத் தெளிவாகத் தெரியும்.

சரி, அந்த முதல் சோதனையில் என்ன செய்தார்கள்?

2 முதல் 14 வயது வரையுள்ள, இரண்டாம் அல்லது மூன்றாம் வகை நோய் உள்ள 28 பிள்ளைகள். முன்னின்று நடத்தி, முடிவுகளை 2016இல் வெளியிட்டவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிளாடியா சிரிபோகா. ஆளுக்கு ஒரே ஓர் ஊசி. முதல் 6 பேருக்கு 1 மி.கி. அதில் ஆபத்து ஏதும் தென்படவில்லை என்று பார்த்த பிறகு அடுத்த 6 பேருக்கு 3 மி.கி., அப்புறம் 6 பேருக்கு 6 மி.கி., கடைசியாக 10 பேருக்கு 9 மி.கி. வெற்று மருந்துக் குழு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலியைப் பெறும் குழு, கிடையாது. எல்லோருக்கும் தெரிந்தே உண்மையான மருந்து.

குளத்தில் இறங்குகிறவர் கால் விரலால் ஆழம் பார்ப்பது போன்ற வேலை இது. இவ்வளவு கொடுத்தால் தாங்குமா, அடுத்த படிக்கு இறங்கலாமா என்பதே கேள்வி. குணமாகுமா என்பது இங்கே கேள்வியே இல்லை. பெரும்பாலும் வந்த தொந்தரவுகள் தலைவலி, முதுகுவலி, முதுகு ஊசிக்குப் பின் வரும் வாந்தி போன்றவை. அவை ஊசி போட்ட முறையால் வந்தவை. மருந்தால் வந்த பெரிய கேடு எதுவும் தென்படவில்லை.

பலன் ஏதாவது தெரிந்ததா?

தெரிந்தது, அதுவும் எதிர்பார்க்காத அளவுக்கு. ஹேமர்ஸ்மித் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. உருளுதல், தவழுதல், எழுதல், படி ஏறுதல் போன்ற 33 செயல்களுக்கு மொத்தம் 66 மதிப்பெண். 9 மி.கி. பெற்ற பிள்ளைகள் 3 மாதத்தில் சராசரியாக 3.1 மதிப்பெண் கூடினார்கள். குறைந்த டோஸ் குழுக்களில் அப்படி ஏறவில்லை.

66க்கு 3 தானா என்று தோன்றலாம். இந்த நோயில் மதிப்பெண் கீழேதான் போகும், நின்றாலே பெரிது. படுத்த இடத்தில் தானாகப் புரள முடிந்த பிள்ளைக்கு ராத்திரி நாலு தடவை அம்மாவை எழுப்ப வேண்டியதில்லை. அந்த ஒரு செயலுக்கு இந்த அளவுகோலில் ஓரிரு மதிப்பெண்தான்.

அப்போதே "மருந்து வேலை செய்கிறது" என்று சொல்லியிருக்கலாமே?

கூடாது. பெரும்பாலானவர்கள் இடறுவது இங்கேதான்.

வலிப்புக்குப் பல வீடுகளில் கொடுக்கும் வால்ப்ரோயேட் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் அது எஸ்.எம்.என். புரதத்தைக் கூட்டியது. எல்லோருக்கும் தெரிந்தே மருந்து கொடுத்துப் பார்த்த ஆரம்பச் சோதனைகளில் சில பிள்ளைகள் முன்னேறியதாகத் தெரிந்தது. பிறகு 61 குழந்தைகளை வைத்து வெற்று மருந்தோடு ஒப்பிட்டார்கள். 2010இல் முடிவு வந்தது: வித்தியாசம் இல்லை. ஃபினைல்பியூட்டிரேட் கதையும் அதே. 10 பேரிடம் நடந்த சிறு சோதனையில் நம்பிக்கை தந்தது, 107 பேரிடம் வெற்று மருந்தோடு ஒப்பிட்டபோது ஒன்றுமில்லாமல் போனது.

பொய் சொல்லி யாரும் ஏமாற்றவில்லை. பிள்ளை வளர்கிறது, அதே பரிட்சையை இரண்டாம் முறை எழுதும்போது பழகிவிடுகிறது, மருந்து போட்டாயிற்று என்ற தெம்பில் வீட்டில் பிசியோதெரபி கூடுகிறது, அளக்கிறவருக்கும் மனசு இருக்கிறது. இத்தனையும் சேர்ந்தால் 3 மதிப்பெண் வருவது பெரிய காரியம் இல்லை. 2012, 2013 வாக்கில் நுசினெர்சென் இன்னொரு வால்ப்ரோயேட்டாக முடிந்திருந்தாலும் வியப்படைய ஒன்றும் இல்லை. "முதல் கட்டச் சோதனை வெற்றி" என்று செய்தி வந்தால் நான் அதை "ஆள் பிழைத்தார், அடுத்த படிக்குப் போகலாம்" என்றுதான் வாசிப்பேன்.

கைக்குழந்தைகளிடம் எப்போது கொடுத்தார்கள்?

2013 மேயில். முதல் வகை நோயுள்ள 20 குழந்தைகள், சிலர் பிறந்து சில வாரங்களே ஆனவர்கள். 4 பேருக்கு 6 மி.கி., 16 பேருக்கு 12 மி.கி., இந்தத் தடவை பல ஊசிகள். ரிச்சர்ட் ஃபின்கல் தலைமையில் வந்த முடிவுகளில் பலரும், மருந்து பெறாமல் ஒப்பீட்டுப் பதிவேடுகளில் இருந்த குழந்தைகளைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள், சிலர் உட்காரவும் செய்தார்கள்.

ஆனாலும் சில குழந்தைகள் இறந்தார்கள். அவர்களில் மூவரின் திசுக்கள் ஆய்வுக்குக் கிடைத்தன. இடுப்பருகே செலுத்திய மருந்து தண்டுவடம் முழுக்க ஏறி, இயக்க நரம்பணுக்களுக்குள் போயிருந்தது. மருந்து பெறாத குழந்தைகளிடம் தம்பி மரபணு நகல்களில் 15 முதல் 26 சதவீதம்தான் 7ஆம் துண்டோடு இருந்தன. இந்த மூவரிடம் 50 முதல் 69 சதவீதம். மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போய், செய்ய வேண்டியதைச் செய்கிறது என்பதற்கு மனித உடலிலிருந்து கிடைத்த முதல் நேரடிச் சாட்சி அது. உயிரோடு இருக்கும் குழந்தையின் தண்டுவடத்தைக் கிள்ளிப் பார்க்க முடியாது. இந்த மருந்தின் வரலாற்றில் என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியாத இடம் அந்தப் பெற்றோர்களின் அனுமதி.

பிறகு ஏன் போலி ஊசி போட்டார்கள்? அது பாவம் இல்லையா?

பெரிய சோதனையில் 122 கைக்குழந்தைகள். மூன்றில் இரண்டு பங்கினருக்கு மருந்து, ஒரு பங்கினருக்குப் போலி. போலிக் குழுவினருக்குத் தண்டுவடத் திரவம் வரை ஊசி செலுத்தவில்லை. முதுகில் தோலில் மட்டும் ஒரு குத்து, மேலே ஒட்டுப்போட்டு மூடிவிடுவார்கள். பெற்றோரும், குழந்தையை அளக்கும் மருத்துவர்களும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

இடையில் கணக்குப் பார்க்க ஏற்பாடு இருந்தது. 2016 ஆகஸ்டில் பார்த்தபோது மருந்துக் குழுவில் 41 சதவீதம் பேரிடம் அசைவுத் திறனில் குறிப்பிட்ட முன்னேற்றம், போலிக் குழுவில் ஒருவரிடமும் இல்லை. உடனே சோதனையை நிறுத்தி, போலிக் குழுவில் இருந்தவர்களுக்கும் மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். இறுதிக் கணக்கில் மருந்து பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், போலிக் குழுவில் 39 சதவீதம் பேர்.

அந்த 39 சதவீதத்தைப் பார்த்துவிட்டு "சரிதான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வால்ப்ரோயேட் கதையை நினைத்தால் "தவறு" என்றும் சொல்ல முடியவில்லை.

முதல் கட்டச் சோதனையில் சேர்ந்தால் என் குழந்தைக்கு நன்மை உண்டா?

இருக்கலாம், அதை நம்பிச் சேரக் கூடாது. 1 மி.கி. வாங்கிய அந்த 6 பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பின்னாளில் அனுமதி பெற்ற டோஸ் 12 மி.கி.; அதையும் முதல் இரண்டு மாதத்தில் 4 முறை, பிறகு 4 மாதத்துக்கு ஒருமுறை. அந்த 6 பேருக்குக் கிடைத்தது அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரே ஒரு தடவை. பலனடைந்தது அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள்.

உயிருக்கே ஆபத்து வந்ததுண்டா?

வேறு தசை நோயில் வந்திருக்கிறது. எக்ஸ் குரோமோசோம் வழியாக ஆண் குழந்தைகளுக்கு வரும் மயோட்யூபுலர் மயோபதி என்ற கடும் வலுவிழப்புக்கு மரபணு சிகிச்சை ஒன்றை 24 குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். பலர் வெண்டிலேட்டரை விட்டு வெளியே வந்தார்கள், சிலர் நடந்தார்கள். ஆனால் 2020இல் அதிக டோஸ் பெற்ற மூவரும், டோஸைக் குறைத்துத் தொடர்ந்தபோது 2021இல் இன்னொருவரும் இறந்தார்கள். இறந்த நால்வருக்கும் கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்தது. ஒரே சோதனையில் அற்புதமும் சாவும்.

ஆபத்து மனிதனை எட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடுவதும் உண்டு. எஸ்.எம்.ஏ.வுக்கு ரோஷ் நிறுவனம் ஆர்.ஜி.7800 என்ற வாய்வழி மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தது. நீண்ட நாள் கொடுத்த குரங்குகளின் விழித்திரையில் கோளாறு தெரியவே, 2015இல் மனிதச் சோதனையை நிறுத்திவிட்டார்கள். அதே வழியில் தேடிக் கண்டெடுத்ததுதான் பிறகு வெற்றி பெற்ற ரிஸ்டிப்லாம்.

16 கோடி ரூபாய் ஊசி இதுதானா?

இல்லை. 2021இல் தமிழ்நாட்டில் ஊர் கூடிப் பணம் திரட்டினார்களே, அது சோல்ஜென்ஸ்மா. நல்ல எஸ்.எம்.என். மரபணுவை வைரஸின் கூட்டில் வைத்து ரத்தத்தில் ஒரே தடவை செலுத்துவது. அதன் முதல் சோதனை 2014இல் ஓஹையோவின் கொலம்பஸ் நகரில் ஜெர்ரி மெண்டல் தலைமையில் நடந்தது. மொத்தம் 15 குழந்தைகள். 20 மாத வயதில் 15 பேரும் நிரந்தர வென்டிலேட்டர் தேவைப்படாமல் உயிரோடு இருந்தார்கள். அதிக டோஸ் பெற்ற 12 பேரில் 11 பேர் துணையின்றி உட்கார்ந்தார்கள். தொடக்கத்தில் ஒரு குழந்தைக்குக் கல்லீரல் என்சைம் எகிறியதால்தான், அதன்பின் எல்லோருக்கும் ஸ்டீராய்டு சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் வந்தது.

ஒரு சோதனையில் சேர்ந்தால் இன்னொன்றுக்குக் கதவு அடைபடுமா?

அடைபடலாம். முக்கியமாக மரபணு சிகிச்சையில். அந்த வைரஸ் கூட்டுக்கு எதிராக உடல் எதிர்ப்பணுக்களை உருவாக்கிக்கொள்ளும். அதே வகைக் கூட்டில் வரும் இன்னொரு சிகிச்சையைப் பிறகு கொடுக்க முடியாமல் போகும். குறைந்த டோஸ் குழுவில் சேர்கிறவர் இதை யோசிக்க வேண்டும். ஊசி, வாய்வழி மருந்துகளில் பெரும்பாலும் குறிப்பிட்ட காலம் இடைவெளி விடச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவில் ஒரு சோதனைக்குக் கூப்பிட்டால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், அது சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 2009 முதல் பதிவு கட்டாயம், இணையத்தில் யாரும் தேடலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் நாலு பேரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடலாம். அவசரப்படுத்துகிறார்கள் என்றால் அதுவே ஒரு பதில். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"எத்தனையாவது டோஸ் குழுவில் சேர்க்கிறீர்கள், இதற்கு முன் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள், சோதனை முடிந்த பிறகு மருந்து தொடருமா?" இந்த மூன்றையும் கேட்கத் தயங்காதீர்கள்.

அப்புறம், சோதனை மருந்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். "ஸ்டெம் செல் போட்டால் தசை வளரும்" என்று லட்சங்களில் பேசும் இடங்களும் இதில் சேர்த்தி. தசை நோய்க்கு ஸ்டெம் செல்லை முறையான சோதனைக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது.

முதல் ஊசியிலிருந்து அனுமதி கிடைக்க எவ்வளவு காலம் ஆனது?

2011 டிசம்பரில் முதல் ஊசி, 2016 டிசம்பர் 23இல் அமெரிக்க அனுமதி. 5 ஆண்டு என்பது மருந்துலகில் குதிரை வேகம். விலையும் அதே வேகத்தில் பாய்ந்தது: முதல் ஆண்டுக்கு 7,50,000 டாலர், அதன்பின் ஆண்டுக்கு 3,75,000 டாலர்.

மருந்து கொடுத்தால் குழந்தை பழைய நிலைக்கு வந்துவிடுமா?

செத்த நரம்பணு திரும்பி வராது. மிச்சம் இருப்பதைத்தான் மருந்து காப்பாற்றும். அதனால் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோம் என்பது எந்த மருந்து என்பதற்குச் சமமாக முக்கியம். மரபணுச் சோதனையில் நோய் உறுதியாகி, ஆனால் அறிகுறியே தெரியாத 25 பச்சிளங்குழந்தைகளுக்குப் பிறந்து 6 வாரத்துக்குள் நுசினெர்சென் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான கணக்கில் 25 பேரும் உயிரோடு இருந்தார்கள், 25 பேரும் தானாக உட்கார்ந்தார்கள், 22 பேர் யார் கையையும் பிடிக்காமல் நடந்தார்கள்.